கண்ணின்றி இடமறிதல்: பிரிக்பீல்ட்ஸ் வரலாறும் மூளையின் இடவறிவும்

முன்னுரை

அறிவைப் பற்றிப் பேசும்போது தமிழ் பெரும்பாலும் கண்ணின் சொற்களையே எடுத்தாள்கிறது. தெளிவானதைக் 'கண்கூடு' என்கிறோம். ஒருவரது கருத்தை அவரது 'பார்வை' என்கிறோம். உளவியலாரின் 'காட்சி-இட நுண்ணறிவு' என்னும் கலைச்சொல்லிலும் காட்சியே முன்னிற்கிறது. ஓரிடத்தின் அமைப்பை மனத்தில் வரைந்துகொள்ளுதல், அதில் தன் நிலையை அறிதல், செல்லவேண்டிய வழியைத் தேர்தல் ஆகியவை இந்நுண்ணறிவின் கூறுகளாகும். பார்வையற்றோர்க்கு இந்நுண்ணறிவு வாய்க்காது என்று எண்ண அப்பெயர் இடந்தருகிறது. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை மூளை அறிவியலின் வரலாறும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் வரலாறும் ஒருங்கே உணர்த்துகின்றன. அவ்விரண்டையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செங்கற்சூளையும் வெள்ளைக்கோலும்

1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்துத் தாக்கின. மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன அந்நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் எழுப்ப ஆங்கிலேய நிருவாகம் முனைந்தது. அதற்கான செங்கற்களைச் சுட்ட நிலப்பகுதியே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. இரயில்வேப் பணிகளுக்காக வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளரும் இலங்கைத் தமிழ் எழுத்தரும் இவ்வட்டாரத்தில் குடியேறினர். கோயில்களும் பள்ளிகளும் அவர்களைத் தொடர்ந்து எழுந்தன.

1951ஆம் ஆண்டில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் வளாகம் பிரிக்பீல்ட்ஸில் அமைந்தமையால், நாட்டின் பல பகுதிகளிலிருந்து பார்வையற்றோர் பயிற்சிக்காக இங்கு வந்தனர். பயிற்சி முடிந்தபின் பலர் இங்கேயே தங்கித் தொழில் செய்தனர். தம்பிப்பிள்ளை சாலையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பார்வையற்றோர் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்கள் தோன்றின. வெள்ளைக்கோலைத் தட்டியவாறு சாலையோரம் நடந்துசெல்வோர் இவ்வூரின் அன்றாடக் காட்சியாயினர். அவர்கள் அவ்வாறு நடப்பதற்கு அடிப்படையாக அமைந்த அறிவு எத்தகையது என்பதே நம் வினா.

விரல் நுனியின் எழுத்து

தொடு உணர்வின்வழி வடிவத்தை அறிதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில் தொண்டை நாட்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையற்றவர். அவர் முதுகில் எழுத்துகளை வரைந்து காட்டியே ஆசிரியர் எழுத்தறிவித்தார் என்பது வழிவழி வரும் செய்தி. இது வரலாறாயினும் புனைவாயினும், எழுத்து என்பது இடத்தில் அமைந்த வடிவம் என்பதையும், அவ்வடிவத்தைத் தோலும் உணரும் என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்றாகும்.

1824இல், தம் பதினைந்தாம் வயதில், பிரான்சு நாட்டு லூயி பிரெயில் ஆறு புள்ளிகளால் ஆன எழுத்துமுறையை வகுத்தார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951இல் நிலைபெற்றது; தமிழ்ப் பிரெயிலும் அதனுள் அடங்கும். பிரிக்பீல்ட்ஸின் சங்கமும் தமிழ்ப் பிரெயிலின் பொதுமுறையும் ஒரே ஆண்டினவாக அமைந்தமை குறிப்பிடத்தக்கது.

விரல் தொடும் புள்ளிகளை மூளையின் எப்பகுதி படிக்கிறது என்பதற்கு நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை. 1996இல் சடாட்டோவும் அவர்தம் குழுவினரும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இளமையிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் படிக்கும்போது, மூளையின் பின்புறத்திலுள்ள காட்சிப் புறணி செயற்படுவதை அவ்வாய்வு காட்டியது. மறு ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், காந்தத் துடிப்பால் அப்புறணியின் செயலைச் சற்றே கலைத்தபோது அவர்கள் பிரெயிலைப் படிப்பதில் பிழை செய்தனர். 2000ஆம் ஆண்டில் பதிவான ஒரு நிகழ்வு இதனை மேலும் உறுதி செய்தது. பிறவியிலேயே பார்வையற்றவரும் பிரெயிலில் தேர்ந்தவருமான 63 வயதுப் பெண்மணி ஒருவருக்குப் பக்கவாதத்தால் காட்சிப் புறணி இருபுறமும் சிதைந்தது. புள்ளிகள் விரலில் படுவதை அவர் உணர்ந்தார். அவை என்ன எழுத்து என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை. கண் பயன்படுத்தாத புறணியை விரல் தனதாக்கிக் கொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

மனத்துள் வரையப்படும் ஊர்

எழுத்தைப் போலவே வழியும் மூளையில் வரையப்படுகிறது. விலங்குகளும் மனிதரும் மனத்துள் ஒரு வரைபடத்தை அமைத்துக்கொள்கின்றனர் என்று 1948இல் டோல்மன் எடுத்துரைத்தார். 1971இல் ஜான் ஓ'கீஃப், எலியின் மூளையிலுள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியில், குறிப்பிட்ட ஓரிடத்தை அடையும்போது மட்டும் செயற்படும் 'இட உயிரணுக்களை' அறிவித்தார். 2005இல் மோசர் இணையர் அருகமைந்த பகுதியில் கட்டங்களைப் போன்ற ஒழுங்கில் செயற்படும் உயிரணுக்களைக் கண்டறிந்தனர். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இலண்டன் வாடகைக்கார் ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் பிற்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதையும், ஓட்டிய ஆண்டுகள் கூடக்கூட அது மிகுவதையும் 2000இல் மக்குவயரின் ஆய்வு காட்டியது.

இவ்வரைபடத்திற்குக் கண் இன்றியமையாததா? 1981இல் லாண்டாவும் அவருடன் ஆய்வு செய்தோரும் பிறவியிலேயே பார்வையற்ற இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றை ஆராய்ந்தனர். ஓர் அறையில், தாய் அமர்ந்திருந்த இடத்திலிருந்து பிற இடங்களுக்கு அக்குழந்தை தனித்தனியே நடத்திச் செல்லப்பட்டது. பின்னர், முன்பு நடந்திராத வழியில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அது தானே சென்றது. இட நுண்ணறிவைக் காட்சியோடு மட்டும் பிணைத்தல் ஆகாது என்று 1983இல் ஹோவர்ட் கார்ட்னரும் வலியுறுத்தினார். ஆயினும் மிகைப்படக் கூறலும் தவறாகும். ஒலி வரும் திசையை அறிவதில் பார்வையற்றோருள் சிலர் பார்வையுடையோரை விஞ்சுகின்றனர். பல ஒலிகளின் இடைவெளிகளை ஒப்பிடுவது போன்ற சில பணிகளில் அவர்கள் பின்தங்குவதும் உண்டு.

வேதிப்பொருளும் இணைப்பும்

இந்நுண்ணறிவின் உயிரியல் அடிப்படையை அறிஞர் இரு வழிகளில் தேடியுள்ளனர். முதலாவது வேதியியல் வழி. நரம்பணுக்களில் மிகுதியாகக் காணப்படும் என்-அசிட்டைல் அஸ்பார்டேட் என்னும் பொருளைக் காந்த அதிர்வு நிறமாலை முறையால் மண்டையோட்டைத் திறவாமலே அளக்க இயலும். 1999இல் ரெக்ஸ் யங் முதலானோர் நலமுள்ள 26 பேரிடம் நடத்திய ஆய்வில், இப்பொருளின் அளவு மிகுந்தோர் நுண்ணறிவுத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெறும் போக்கு காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. இரண்டாவது இணைப்பு வழி. நுண்ணறிவு ஓரிடத்தில் குடியிருப்பதன்று. மூளையின் முன்மடலும், இட உணர்வுக்குரிய சுவர்மடலும் நரம்பிழைகளால் தொடுக்கப்பட்டு இயங்கும் முறையில் அது அமைகிறது என்று 2007இல் யங்கும் ஹையரும் விளக்கினர்.

இவ்விரு வழிகளும் பார்வையற்றோர் மூளையில் சந்திக்கின்றன. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இளமையில் பார்வை இழந்தோரின் காட்சிப் புறணியில் கோலின், கிரியாட்டின் ஆகியவற்றின் அளவு மிகுந்திருப்பதைக் காட்டியது. நரம்பணுக்களின் செயலை அடக்கும் காபா குறைவதற்கான அறிகுறிகளும் தென்பட்டன. பயன்பாடு மாறும்போது புறணியின் வேதியியலும் மாறுகிறது என்று இதனைக் கொள்ளலாம்.

ஊர் மாறும்போது

மேற்கண்டவற்றிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. மூளையின் வரைபடம் நடந்து நடந்து உருவாவது. நடக்கும் இடம் ஓரளவு நிலையாக இருந்தாலன்றி அது நிலைபெறாது. கோயில் மணியோசை, மாலைக் கடையின் மல்லிகை மணம், கால்வாய் மூடியின் ஒலி, நடைபாதையின் திருப்பம் ஆகியவையே பார்வையற்றவரின் வரைபடத்துக் குறியீடுகள். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு இரயிலில் செல்பவர், நிலையங்களை வரிசையாக மனத்தில் எண்ணி இறங்குமிடத்தை அறிவதும் இவ்வறிவின் பாற்பட்டதே.

பிரிக்பீல்ட்ஸோ கால் நூற்றாண்டாக ஓயாமல் மாறி வந்துள்ளது. பழைய இரயில்வே நிலத்தில் எழுந்த கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் 2001இல் திறக்கப்பட்டது. 2003இல் துன் சம்பந்தன் சாலைக்கு மேலே மோனோரயில் ஓடத் தொடங்கியது. 2010 அக்டோபரில் இந்திய, மலேசியப் பிரதமர்கள் முன்னிலையில் 'லிட்டில் இந்தியா' திறப்பு விழாக் கண்டது. 'நூறு வீடுகள்' எனப்பட்ட பழைய அரசுக் குடியிருப்பு 2010களின் நடுப்பகுதியில் இடிக்கப்பட்டது. இம்மாற்றங்களுள் பல ஊருக்கு வளம் சேர்த்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், பார்வையுடையோர் ஒரு நோக்கில் புரிந்துகொள்ளும் மாற்றத்தைப் பார்வையற்றவர் பல நாள் நடந்தே கற்கவேண்டியுள்ளது. புடைப்புக் கற்கள் பதித்த மஞ்சள் நடைபாதையின்மீது ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்தப்பட்டால், அவர் மூளையில் சரியாக இருக்கும் வழி தரையில் பொய்யாகிவிடுகிறது.

முடிவுரை

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது இடங்களையும் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமையை இந்நாட்டில் ஏற்றுள்ளது. அவ்வுரிமையை இரக்கத்தின் பாற்படுத்தாமல் அறிவின் பாற்படுத்திக் காணவேண்டும் என்பதே நம் கருத்து. பார்வையற்ற ஒருவர் பிரிக்பீல்ட்ஸ் சாலையில் தனியே நடப்பது, பல்லாண்டுப் பயிற்சியால் மூளையின் இணைப்புகளில் எழுதப்பட்ட கல்வியாகும். வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் கண்ணாகக் கொண்டார்; இவ்வூரில் பயின்ற வழியும் அவ்வகைக் கண்ணே. சாலையை மாற்றுவோர் முன்னதாக அறிவித்தலும், புதிய வழியில் நடைப்பயிற்சி அளித்தலும், நடைபாதையைத் தடையின்றிக் காத்தலும் அக்கல்வியைக் காக்கும் செயல்களாகும். செங்கல்லால் பெயர் பெற்ற இவ்வூரின் வரலாற்றை எழுதுவோர், அதன் கட்டடங்களோடு, அவ்வூரைக் காலாலும் காதாலும் கற்றோரின் அறிவையும் பதிவு செய்தல் வேண்டும்.