கடலுக்குள் போன தொகுதி

1831-ம் வருடம். மான்செஸ்டர் நகரத்தில் லட்சம் பேருக்கு மேல் வசித்தார்கள். மில்கள் ராத்திரி பகலாகப் புகை கக்கின. ஆனால், பிரிட்டிஷ் பார்லிமெண்ட்டில் அந்த நகரத்துக்கென்று ஒரு எம்.பி. கூடக் கிடையாது. அதே சமயம், கிழக்குக் கடற்கரையில் ஸஃபோக் பகுதியில் இருந்த ஒரு குக்கிராமத்துக்கு இரண்டு எம்.பி.க்கள்! ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? முப்பத்திரண்டே பேர்.

ஊர் பெயர் டன்விச். எழுதுவதுதான் அப்படி. கூப்பிடுவது 'டனிச்'. நடுவிலிருந்த எழுத்தையும் கடல் கொண்டுபோய்விட்டதோ என்னவோ!

டனிச் ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். 1086-ல் வில்லியம் மன்னர் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் இந்த ஊர் வருகிறது. ஊர் கட்ட வேண்டிய வரியில் பணத்தோடு மீனும் சேர்த்தி. 60,000-க்குக் குறையாத ஹெர்ரிங் மீன்கள்! அதே கணக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது. 'இங்கே முன்பு இரண்டு ஏர் நிலம் இருந்தது. இப்போது ஒன்றுதான். இன்னொன்றைக் கடல் எடுத்துக்கொண்டது' என்பது அதன் சாரம். ஒரு ஏர் என்றால் ஏறக்குறைய 120 ஏக்கர். ஆக, அபாயம் அப்போதே அரசாங்க ரெக்கார்டில் ஏறிவிட்டது. யார் கவலைப்பட்டார்கள்? வியாபாரம் கொழித்தது. 1199-ல் ஜான் மன்னர் பட்டயம் கொடுத்து, டனிச்சைத் தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் நகரமாக்கினார். 1298-லிருந்து லண்டனுக்கு எம்.பி.க்களும் போக ஆரம்பித்தார்கள்.

அதற்குள் கடல் வேலையைத் தொடங்கிவிட்டது. 1286-ல் ஒரு பெரும்புயல். அடுத்த வருடமே இன்னொன்று. ஊர் உட்கார்ந்திருந்தது மணல் குன்றின் மேல். அலை அடிவாரத்தை அரித்தால் மேலே இருப்பது சரிந்து விழ வேண்டியதுதான். பிரான்சிஸ்கன் துறவிகள் சாமர்த்தியசாலிகள். மடத்தையே உள்நாட்டுப் பக்கம் தள்ளிக் கட்டிக்கொண்டார்கள். அதன் இடிபாடு இன்றும் நிற்கிறது.

ஆனால், ஊரைச் சாய்த்தது வீடுகள் விழுந்ததல்ல என்பது என் கட்சி. 1328-ல் அடித்த புயல், மணலையும் கூழாங்கல்லையும் கொண்டுவந்து கொட்டித் துறைமுகத்தின் வாயையே அடைத்துவிட்டது. ஆறு வடக்கே வேறு வழி தேடிக்கொண்டது. கப்பல்களும் அந்தப் பக்கம் போயின. சுங்கம் வசூலிக்கும் உரிமை பட்டயப்படி எங்களுக்குத்தான் என்று டனிச்காரர்கள் பக்கத்து ஊர்களோடு மல்லுக்கு நின்றார்கள். உரிமை இருந்து என்ன, கப்பல் வர வேண்டுமே! 1347-ல் இன்னும் சுமார் நானூறு வீடுகள் போயின. தொழில் போன ஊரில் யார் திரும்பக் கட்டுவார்கள்? ஜனங்கள் மெல்ல நடையைக் கட்டினார்கள்.

தெருக்கள் போயின, தேவாலயங்கள் ஒவ்வொன்றாகப் போயின. பட்டயம் மட்டும் பத்திரமாக இருந்தது! கூடவே இரண்டு எம்.பி. ஸீட்டும்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஸீட்டுகள் இரண்டு பெரிய இடங்களின் கைக்குள் வந்துவிட்டன. ஒன்று பார்ன் குடும்பம், இன்னொன்று ஹன்டிங்ஃபீல்டு பிரபு குடும்பம். ஆளுக்கொன்று என்று பங்கு. ரகசிய ஓட்டு முறை 1872-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் பெரிய மனிதர் பார்த்துக்கொண்டிருக்க, முப்பத்திரண்டு பேரில் யார் எதிர்த்துக் கை தூக்குவார்கள்? வாக்காளர்கள் படகேறி, மூழ்கிய ஊருக்கு நேர் மேலே போய் ஓட்டுப் போட்டார்கள் என்று கூட ஒரு கதை உண்டு. நிச்சயம் கட்டுக்கதைதான். ஆனால், அப்படி ஒரு கதை கட்டத் தோன்றியிருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும்.

1832-ல் வந்த சீர்திருத்தச் சட்டம் 56 'அழுகிய தொகுதி'களை ஒரே வீச்சில் ஒழித்தது. டனிச்சும் அதில் காலி. மான்செஸ்டருக்கு இரண்டு எம்.பி. கிடைத்தார்கள். அப்போதும் டனிச்சின் நகர சபை மட்டும் விடாப்பிடியாக உயிரோடிருந்தது! 1886-ல்தான் அதற்கு மூடுவிழா.

பிறகு? டனிச் வெறும் 'பாரிஷ்' ஆனது. பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட எல்லை. ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பை 1601-ல் சட்டம் அதன் தலையில் கட்டியதிலிருந்து, இங்கிலாந்தின் கிராம நிர்வாகம் தேவாலயத்து உடை மாற்றும் அறையில் கூடிப் பேசுவதாகவே நடந்து வந்தது. 1894-ல்தான் அதைப் பாதிரியார் கையிலிருந்து பிரித்து ஜனங்களிடம் கொடுத்தார்கள். கிழவர் கிளாட்ஸ்டன் காமன்ஸ் சபையில் கடைசியாகப் பேசியது இந்த மசோதா பற்றித்தான். கல்யாணமான பெண்களும் இந்தத் தேர்தல்களில் ஓட்டுப் போடலாம், நிற்கலாம் என்றது சட்டம். பார்லிமெண்ட்டுக்கு ஓட்டுப் போட அவர்கள் 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1894 சட்டப்படி முந்நூறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாரிஷ் கவுன்சில் கட்டாயமாக இருந்தது. டனிச்சில் இருநூறு பேர் கூடத் தேறாது. அதனால் இங்கே கவுன்சிலே இல்லை. 'பாரிஷ் மீட்டிங்' மட்டும்தான். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் அதில் உறுப்பினர். வருடத்துக்கு இரண்டு தடவையாவது கூட வேண்டும். ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரும் யாருக்கும் பிரதிநிதி இல்லை, வந்து உட்கார்ந்து பேசிக் கை தூக்க வேண்டியதுதான். முப்பத்திரண்டு பேர் இரண்டு பெரிய மனிதர்களுக்காக ஓட்டுப் போட்ட அதே ஊரில்!

கடல் அரிப்பை மட்டும் இந்த மீட்டிங் ஒன்றும் செய்ய முடியாது. 1949-ம் வருடத்துச் சட்டப்படி கடற்கரைப் பாதுகாப்பு வேலைகளுக்கான அதிகாரம் மாவட்ட கவுன்சில் மட்டத்தில் இருக்கிறது. கரையோ இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பழைய ஊர் எங்கே இருந்தது என்று கலங்கிய தண்ணீருக்குள் கண்ணால் பார்க்க முடியாமல், ஆராய்ச்சியாளர்கள் ஒலி அலைக் கருவியை வைத்து வரைபடம் போட்டிருக்கிறார்கள்.

பழைய ஊரின் தேவாலயங்களில் கடைசியாக மிஞ்சியது ஆல் செயின்ட்ஸ். 1904-ல் சரிய ஆரம்பித்து, 1919-க்குள் முழுக்கக் கடலுக்குள் போய்விட்டது. அதன் சுவருக்கு முட்டுக் கொடுத்த ஒரே ஒரு தூணை மட்டும் காப்பாற்றி, செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி.