வாசலின் அகலம்

ஆர் என்ற நிரல்மொழியைக் கணினியில் நிறுவினால் கூடவே சில தரவுத்தொகுப்புகளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பூவிதழ்களின் நீள அகலங்கள், டைட்டானிக்கில் பிழைத்தவர்கள், பழைய கார்களின் மைலேஜ். பயிற்சிக்காக வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று அட்மிஷன் கணக்கு. 1973இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களில் 4,526 பேர் அதில் இருக்கிறார்கள். ஆணா பெண்ணா, எந்தத் துறை, இடம் கிடைத்ததா இல்லையா. அவ்வளவுதான். பெயர் இல்லை, மார்க் இல்லை.

இந்தத் தொகுப்பை நான் முதலில் பார்த்தது, ஒரு டேட்டா அனலிட்டிக்ஸ் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில். வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் படிப்பது. படிவத்தில் பாதி தாண்டியதும் இளநிலைப் பட்டத்தின் மதிப்பெண் பட்டியலைக் கேட்டது. என் பட்டியலில் மூன்றாம் செமஸ்டரில் எம்-3 அரியர் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாகக் கணினி முன்னால் உட்கார்ந்து சம்பாதித்த பிறகு, பத்தொன்பது வயதில் எழுதிய ஒரு கணக்குப் பரீட்சை மறுபடி வந்து எதிரில் நின்றது. நான் மடிக்கணினியை மூடிவிட்டு, இந்த வாசல்களை யார் எப்படிக் கட்டினார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். விண்ணப்பத்தைத் தள்ளிப்போட அது நல்ல சாக்கு.

1

1973 இலையுதிர் பருவத்துக்கு பெர்க்லியின் மேற்படிப்புகளுக்கு 8,442 ஆண்களும் 4,321 பெண்களும் விண்ணப்பித்திருந்தார்கள். ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 சதவீதம். இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஒன்பது சதவீத வித்தியாசம் தற்செயலாக வராது. பெர்க்லி மீது வழக்கே போட்டுவிட்டார்கள் என்று இன்றும் பல இடங்களில் எழுதப்படுகிறது. வழக்கு வரவில்லை. வந்துவிடுமோ என்ற பயம்தான் வந்தது.

மேற்படிப்புப் பிரிவின் இணை டீனாக இருந்த மானுடவியலாளர் யூஜின் ஹேமல், புள்ளியியலாளர் பீட்டர் பிக்கலிடம் இந்தக் கணக்கைக் கொண்டுபோனார். இருவரும் வில்லியம் ஓ'கானலும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1975இல் சயன்ஸ் இதழில் வந்தது.

பெர்க்லியில் மேற்படிப்புக்கு ஆள் எடுப்பது பல்கலைக்கழகம் இல்லை, ஒவ்வொரு துறையும் தனித்தனியாக எடுக்கிறது. ஆகவே பாகுபாடு காட்டிய துறைகளைக் கண்டுபிடிக்கலாம் என்று அவர்கள் துறை துறையாகப் பிரித்துப் பார்த்தார்கள். பார்த்தால், குற்றவாளியைக் காணோம். கணக்கில் எடுக்கத்தக்க 85 துறைகளில் பெண்களுக்கு எதிராகத் தெளிவாகச் சாய்ந்தவை நான்கு. ஆண்களுக்கு எதிராகச் சாய்ந்தவை ஆறு!

ஆரில் இருக்கும் ஆறு பெரிய துறைகளை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். துறைகளின் பெயர்களை மறைத்து ஏ முதல் எஃப் வரை எழுத்து கொடுத்திருக்கிறார்கள். ஏ துறையில் விண்ணப்பித்த ஆண்களில் 62 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 82 சதவீதம் பேருக்கு. எஃப் துறையில் ஆண்களுக்கு 6 சதவீதம், பெண்களுக்கு 7 சதவீதம். மற்ற துறைகளிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஆறையும் கூட்டினால் ஆண்கள் 45 சதவீதம், பெண்கள் 30 சதவீதம்.

சூட்சுமம் யார் எங்கே விண்ணப்பித்தார்கள் என்பதில் இருக்கிறது. தாராளமாக இடம் கொடுத்த ஏ, பி துறைகளுக்கு ஆண்களில் பாதிப் பேர் போனார்கள். 2,691இல் 1,385 பேர். பெண்கள் 1,835 பேரில் அங்கே போனவர்கள் வெறும் 133. மீதிப் பெண்கள் எல்லாம் மூன்றில் ஒருவருக்கோ பதினைந்தில் ஒருவருக்கோ இடம் கொடுக்கும் துறைகளின் வாசலில் நின்றார்கள். கட்டுரையில் மீன்வலை உதாரணம் ஒன்று வரும். ஒரே அளவுள்ள மீன்கள்தான். ஆண் மீன்கள் பெரிய கண் வலையை நோக்கி நீந்துகின்றன, பெண் மீன்கள் சிறிய கண் வலையை நோக்கி. வலைக்கு அந்தப் பக்கம் எதெல்லாம் போய்ச் சேரும் என்று சொல்லவேண்டியதில்லை.

வகுப்புகளில் இந்தக் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர், மொத்தத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், பிரித்துப் பாருங்கள், அடுத்த பாடம். ஆனால் மூவரும் அங்கே நிறுத்தவில்லை. தேர்வுக்குழுக்களிடம் பெரிய தவறு இல்லை என்றார்களே தவிர, தவறே இல்லை என்று சொல்லவில்லை. வளர்ப்பும் பள்ளிப்படிப்பும் பெண்களைக் கணக்கு குறைவாகத் தேவைப்படும், கூட்டம் அதிகமான, பணம் குறைவான, வேலைவாய்ப்பு மங்கலான துறைகளின் பக்கம் தள்ளிவிடுகின்றன என்று எழுதினார்கள்.

எனக்கு இன்னொரு கேள்வி மிச்சமாக நின்றது. எஃப் துறையில் ஏன் நூற்றுக்கு ஆறு ஏழு பேருக்கு மட்டும் இடம்? அதை எந்தக் குழு, எப்போது தீர்மானித்தது? தொகுப்பில் அதற்கு ஒரு கட்டமே இல்லை. யாரை எடுத்தார்கள் என்பது தரவு. எத்தனை பேரை எடுப்பது என்பது மட்டும் மழை, வெயில் மாதிரி தானாக அமைந்த ஒன்றாக இருக்கிறது.

2

இரண்டாவது கதை லண்டனில். எழுபதுகளின் முடிவில் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவக் கல்லூரிக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 2,500 விண்ணப்பங்கள் வந்தன. அதில் முக்கால்வாசியை நேர்காணலுக்கே கூப்பிடாமல், காகிதத்தை மட்டும் பார்த்துக் கழித்துவிடுவார்கள். நேர்காணல் வரை போனவர்களில் பத்தில் ஏழு பேருக்கு இடம் உறுதி. ஆக, உண்மையான வாசல் அந்தக் காகிதச் சல்லடைதான்.

அந்த வேலையைப் பார்த்தவர்களில் ஒருவர் டாக்டர் ஜெஃப்ரி ஃப்ராங்லன். நூற்றுக்கணக்கான படிவங்களை ஒருவர் பின் ஒருவராகப் படிப்பது அலுப்பு. அதோடு ஒரே படிவத்துக்கு இருவர் வெவ்வேறு மதிப்பு போடுவதும் அவருக்கு நியாயமாகப் படவில்லை. குழு எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று கவனித்து, அதே மாதிரி மதிப்பிடும் ஒரு நிரலை எழுதினார். 1979இல் அது தயார். சோதித்துப் பார்த்தபோது மனிதர்களின் முடிவோடு 90 முதல் 95 சதவீதம் ஒத்துப்போனது. 1982 முதல் அந்தக் கல்லூரியின் ஆரம்பக்கட்டத் தேர்வு முழுவதும் நிரலின் கையில்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தோஷம் வரும். மனிதர்கள் செய்ததை 95 சதவீதம் துல்லியமாகச் செய்யும் நிரல், அதுவும் அந்தக் காலக் கணினியில். இன்றைக்கு என்றால் இதை ஸ்லைடு போட்டுக் காட்டி, கைதட்டல் வாங்கி, ப்ரமோஷனும் வாங்கியிருப்போம்.

அதே கல்லூரியில் வேலை பார்த்த இரண்டு மருத்துவர்கள், ஜோ காலியரும் ஆக்ரி பர்க்கும், லண்டன் மருத்துவக் கல்லூரிகளின் மாணவர் பட்டியல்களில் பெயர்களை எண்ணிப் பார்த்து, பெண்களும் ஐரோப்பியர் அல்லாதவர்களும் குறைவாகச் சேர்க்கப்படுவதை 1986இல் எழுதினார்கள். பிறகு தங்கள் கல்லூரியின் நிரல் எப்படி வேலை செய்கிறது என்று தெரியவந்ததும் இனச் சமத்துவ ஆணையத்திடம் போனார்கள். ஆணையத்தின் அறிக்கை 1988இல் வெளியானது.

படிவத்தில் இனம் பற்றிய கேள்வியே கிடையாது. நிரல் பெயரையும் பிறந்த ஊரையும் வைத்து ஒருவரை வெள்ளையர், வெள்ளையர் அல்லாதவர் என்று பிரித்துக்கொண்டது. ஐரோப்பியப் பெயர் இல்லையென்றால் 15 மதிப்பெண் வரை போய்விடும். பெண் என்றால் சராசரியாக 3. இந்தக் காரணங்களால் மட்டும் வருடத்துக்கு 60 பேர் வரை நேர்காணல் வாய்ப்பை இழந்திருக்கலாம் என்று ஆணையம் கணக்கிட்டது. ஒரு முருகேசனோ ஒரு ஃபாத்திமாவோ அந்த வரிசையில் நின்றிருந்தால், தான் ஏன் கழிக்கப்பட்டோம் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழியே இல்லை.

இந்தப் பாகுபாட்டை நிரல் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. குழு ஏற்கனவே செய்துகொண்டிருந்ததைத்தான் அது படித்துக்கொண்டது. உண்மையில் லண்டனின் மற்ற மருத்துவக் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் செயின்ட் ஜார்ஜஸில் ஐரோப்பியர் அல்லாத மாணவர்கள் அதிகம். மற்ற இடங்களில் இதே வேலை மனிதர்களின் தலைக்குள் நடந்தது, எழுத்தில் இல்லை. இங்கே அது நிரலாக எழுதப்பட்டிருந்ததால் வரி வரியாகப் பிடிக்க முடிந்தது. எழுதிவைத்தவன் மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான்.

பெர்க்லியில் விட்டுவந்த கேள்வி இங்கேயும் இருக்கிறது. நால்வரில் மூவரைப் படிவத்திலேயே கழித்தாகவேண்டும் என்ற நெருக்கடியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தகுதியானவரைத் தேடும் அவகாசம் கிடையாது. கழிக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும். பெயர் ஒரு காரணம். ஊர் ஒரு காரணம். பத்தொன்பது வயதில் வைத்த அரியரும் ஒரு காரணம்தான்.

3

2013 மே மாதம் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா டெக் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கணினி அறிவியல் முதுகலைப் படிப்பை முழுக்க இணையத்தில் நடத்தப்போகிறோம். கட்டணம் 7,000 டாலருக்குள். பட்டச் சான்றிதழில் இணையவழி என்ற வார்த்தை இருக்காது. ஏடி அண்ட் டி நிறுவனம் 20 லட்சம் டாலர் கொடுத்தது, யுடாசிட்டி தளம் அமைத்தது. 2014 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது.

எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேரைத் தாங்கும் என்று தெரியாததால் முதல் பருவத்தைச் சிறியதாக வைத்தார்கள். விண்ணப்பங்களை இளநிலை ஜிபிஏ வரிசையில் மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, அந்தப் பருவத்துக்குப் போதும் என்றதும் நிறுத்தினார்கள். நிறுத்திய இடம் 4க்கு 3.26. விண்ணப்பித்தவர்களுக்கு அப்படி ஒரு கோடு இருப்பதே தெரியாது.

ஜோஷுவா குட்மன், ஜூலியா மெல்கர்ஸ், அமாண்டா பலே என்ற மூன்று ஆய்வாளர்களுக்கு இந்தக் கோடு பெரிய வாய்ப்பாக அமைந்தது. 3.25க்கும் 3.27க்கும் அறிவில் என்ன வித்தியாசம் இருந்துவிடப்போகிறது? கோட்டுக்கு மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே மனிதர்கள். ஒரு பக்கம் இடம் கிடைத்தது, இன்னொரு பக்கம் உடனே கிடைக்கவில்லை. கிடைக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடினார்கள். பெரும்பாலானவர்கள் வேறு எங்கும் சேரவில்லை. ஒரு வாசல் மூடினால் திறமைசாலி அடுத்த வாசலுக்குப் போய்விடுவான் என்று நாம் நம்புகிறோம். இவர்கள் போகவில்லை. வேலைக்குப் போனார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், படிப்பு ஆசையை மடித்து வைத்துவிட்டார்கள். இந்த ஒரே படிப்பால் அமெரிக்காவில் வருடந்தோறும் கணினி அறிவியல் முதுகலைப் பட்டம் பெறுபவர்களின் எண்ணிக்கை 7 சதவீதம் அளவுக்குக் கூடும் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. விண்ணப்பித்தவர்களின் சராசரி வயது 34.

எங்கோ ஓர் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில் நான் உட்கார்ந்திருந்தது மாதிரி இருந்தது.

2017இல் அதே ஜார்ஜியா டெக் 10,000 டாலருக்குள் இணையவழி அனலிட்டிக்ஸ் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. கூடவே எட்எக்ஸ் தளத்தில் மூன்று பாடங்கள் கொண்ட மைக்ரோமாஸ்டர்ஸ். அதில் சேர யாருடைய அனுமதியும் வேண்டாம். தேறிவிட்டு முதுகலைக்கு விண்ணப்பித்து இடம் கிடைத்தால், அந்தப் பாடங்கள் பட்டக் கணக்கிலும் சேரும். கணினி அறிவியல் படிப்பில் வேறொரு விதி. தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் முதல் 12 மாதத்துக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் 'பி' அல்லது அதற்கு மேல் எடுத்தாகவேண்டும்.

வாசல் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். முன்பு அது படிப்புக்கு வெளியே நின்று, நீ அன்றைக்கு யாராக இருந்தாய் என்று கேட்டது. இப்போது படிப்புக்கு உள்ளே நின்று, இன்றைக்கு இந்தப் பாடத்தைச் செய்துகாட்டு என்று கேட்கிறது. தரத்தைக் குறைத்துவிடவில்லை. உள்ளே வந்து திணறி வெளியேறுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முயன்று பார்த்துவிட்டுத் தோற்பதும், கையில் எடுத்துப் படிக்கப்படாமலே நிராகரிக்கப்படுவதும் ஒன்றில்லை. கணினி அறிவியல் படிப்பில் இதுவரை பட்டம் பெற்றவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

இதில் இழப்பும் இருக்கிறது. வகுப்பறை இல்லை, கேன்டீன் நட்பு இல்லை, பேராசிரியரின் அறைக்கதவைத் தட்ட முடியாது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. விசா இல்லை. அமெரிக்க வளாகத்துக்கு இங்கிருந்து ஐம்பது லட்சம் கடன் வாங்கிக்கொண்டு போகும் ஒருவர், படிப்பை மட்டும் வாங்கவில்லை. எஃப்-1 விசாவையும், படித்து முடித்தபின் அங்கே வேலை பார்க்கக் கிடைக்கும் மூன்று வருடத்தையும் சேர்த்து வாங்குகிறார். அந்த வாசலின் அகலத்தை எந்த டீனும் தீர்மானிப்பதில்லை. இணையவழிப் படிப்பு அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் முப்பத்துநான்கு வயதுக்காரருக்குப் பெரிய கதவைத் திறந்தது. இங்கே இருக்கும் இருபத்துநான்கு வயதுக்காரருக்கு அது பாதிக் கதவுதான்.

ஆனாலும் இந்த மூன்றாவது கதைக்குப் பிறகு முதல் இரண்டையும் பழையபடி படிக்க முடியவில்லை. இடங்கள் குறைவு, ஆகவே கழிக்கவேண்டும் என்று பெர்க்லியும் செயின்ட் ஜார்ஜஸும் எடுத்துக்கொண்ட ஆரம்பப்புள்ளியை, இங்கே யாரோ ஒருவர் கேள்வியாக மாற்றினார். எல்லாப் படிப்பிலும் அது நடக்காது. மருத்துவமனைக் கட்டில் இல்லாமல் மருத்துவம் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் ஆர் நிரலில் ஓர் அட்டவணையைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு எத்தனை நாற்காலி வேண்டும்?

விண்ணப்பம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. போன வாரம் அதைத் திறக்காமல், இலவசமாகக் கிடைத்த முதல் பாடத்தில் சேர்ந்தேன். இரண்டாம் வாரத்திலேயே எம்-3இல் என்னைத் தோற்கடித்த அதே பகுதி வந்தது. இந்த முறை வீடியோவை நிறுத்தி நிறுத்தி, நான்கு தடவை பார்த்தேன்.