ஆமை ஓட்டின்மேல் ஒரு பாசிக் குடியிருப்பு

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் ருஷிகுல்யா ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே, மாசி, பங்குனி மாதங்களில் ஆயிரக்கணக்கான பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுவதைப் பெர்ஹாம்பூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நம் நேயர்கள் சிலர் கண்டிருக்கக் கூடும். விடிந்த பின்னும் கரையில் தங்கிவிட்ட ஓர் ஆமையின் ஓட்டை அருகிலிருந்து நோக்கினால், பழுப்பு நிறமான மெல்லிய படலம் ஒன்று அதன்மேல் படிந்திருப்பது தெரியும். அழுக்கு என்று சொல்லி நாம் அப்பால் சென்றுவிடுவோம். நம்மைக் குறை கூறுவதற்கில்லை; கற்றறிந்தோரும் அதனை நுணுகி ஆராய நெடுங்காலம் முன்வரவில்லை.

அப்படலத்தின் பெரும்பகுதி டயாட்டம் எனப்படும் நுண்பாசிகளால் ஆனது. ஒவ்வொன்றும் ஒரே உயிரணு. கண்ணாடிக்கும் மணலுக்கும் மூலப் பொருளாகிய சிலிக்காவால் தனக்கென ஓர் ஓடு சமைத்துக்கொண்டு அதனுள் வாழ்வது. குங்குமச் சிமிழில் மூடி அடிப்பாகத்தின்மேல் கவிந்து பொருந்துவதுபோல, இவ்வோட்டின் இரு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கும். சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கிக்கொள்வதால் இவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். பற்றிக்கொள்ள ஓர் இடமும் பலவற்றுக்கு வேண்டும். மூச்சு விட அடிக்கடி நீரின் மேற்பரப்புக்கு வரும் ஆமையின் முதுகு இவ்விரண்டையும் அளிக்கிறது.

டயாட்டம்களை மனிதர் கண்டது புதிதன்று. 1703-ஆம் ஆண்டிலேயே, பெயர் வெளியிடாத ஆங்கிலேயர் ஒருவர், குளத்துச் செடியின் வேரில் சதுரமும் நீள்சதுரமுமான நுண்ணிய உருவங்கள் ஒட்டியிருக்கக் கண்டு, இலண்டன் இராயல் சொசைட்டியின் வெளியீட்டில் அச்சாகும்படி எழுதினார். ஆகவே நாம் அறிந்தவரை முதலில் வருணிக்கப்பட்ட டயாட்டமே வேறோர் உயிரைப் பற்றி வாழ்ந்ததுதான்! 1834-இல் ஜெர்மானியராகிய கூட்சிங் இவற்றின் ஓடு சிலிக்காவால் ஆனது என்று காட்டினார். அவர் நாட்டவரான ஏரன்பெர்க் இவற்றைப் பிராணிகள் என்றே 1838-இல் வெளியிட்ட பெருநூலில் வகைப்படுத்தினார். 1867-இல் ஆல்பிரட் நோபல் டைனமைட்டுக்கு உரிமை பெற்றபோது, வெடிநீரை உறிஞ்சி அடக்க அவருக்குக் கைகொடுத்தது இவற்றின் ஓடுகள் படிந்து உண்டான மண்ணே.

கடற்பிராணிகளின்மேல் வாழும் டயாட்டம்களைப் பற்றிய ஆராய்ச்சி திமிங்கிலத்தில் தொடங்கியது. நீலத் திமிங்கிலத்தின் வயிற்றில் மஞ்சள் நிறம் படிந்திருப்பதைக் கண்ட வேட்டைக்காரர்கள் அதனைக் ‘கந்தக வயிறு’ என்று அழைத்து வந்தனர். அம்மஞ்சள் டயாட்டம் படலமே என்பதும், அதில் திமிங்கிலத் தோலுக்கே உரிய ஓர் இனம் உண்டு என்பதும் 1920-இல் எழுதப்பெற்றன. 1935-இல் ஹார்ட் என்பவர், திமிங்கிலம் தென் துருவக் குளிர்நீருக்கு வந்தபின் இப்படலம் தோன்ற ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்று கணித்தார். படலத்தைப் பார்த்து, அது வந்து எத்தனை நாளாயிற்று என்று ஊகிக்கலாயினர். வேட்டைத் தொழிலுக்குப் பயன்பட்டதால் பாசிக்கும் மதிப்பு வந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆமைப் பாசிக்கு அந்த யோகமும் இல்லை. ஆமையை மனிதர் இறைச்சியாகவும் முட்டையாகவும், அழுங்காமையை ஓட்டுக்காகவும் மதித்தனர். அதன் முதுகில் ஒட்டி வாழும் கொட்டலசுக்கு லின்னேயஸ் 1758-இலேயே பெயர் சூட்டினார். டார்வினும் 1854-இல் அதை விரிவாக ஆராய்ந்தார். அதே முதுகில், அக்கொட்டலசைச் சுற்றிலும் வாழ்ந்த பாசிகளில் பல இரண்டரை நூற்றாண்டு பெயரின்றிக் கிடந்தன.

2015-இல் நிலைமை மாறியது. மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிக்காவின் பசிபிக் கரையில் முட்டையிட வந்த பங்குனி ஆமைகளின் ஓட்டிலிருந்து எடுத்த படலத்தை, மயேவ்ஸ்கா என்னும் அம்மையாரும் உடன் உழைத்தோரும் எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் ஆராய்ந்தனர். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் ஆயிரக்கணக்கான டயாட்டம்கள் இருந்தன. அவற்றுள் இரண்டு, எந்தப் பழைய பேரினத்திலும் சேராதவை. ஒன்றுக்குச் செலோனிக்கோலா, அதாவது ஆமையில் வாழ்வது, என்றும் மற்றொன்றுக்குப் பூலினியா என்றும் பெயரிட்டனர். உலகிலுள்ள ஏழு வகைக் கடல் ஆமைகளின்மீதும் டயாட்டம்கள் உள்ளன என்பது மறு ஆண்டே தெரியவந்தது. இதற்கெல்லாம் படலத்தைச் சேகரிக்கும் கருவி என்ன தெரியுமா? நாம் பல் துலக்கும் பிரஷ்ஷே போதுமானது!

டயாட்டம் ஆராய்ச்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. இந்தியப் பாசி இயலின் தந்தை எனப் போற்றப்பெறும் எம். ஓ. பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக் கழகத்தில் வளர்த்த மரபு அது. சென்னைக் கடலில் மிதக்கும் டயாட்டம்களைப் பற்றி ஆர். சுப்ரமணியன் 1946-இல் விரிவான நூற்கட்டுரை வெளியிட்டார். அவர் நாடியவை நீரில் மிதப்பவை. ஆமை முதுகு அப்போது எவர் கருத்திலும் இல்லை. ஒடிசாவின் ககிர்மாதாவில் ஆமைகள் கூட்டமாகக் கரையேறும் செய்தியையே விஞ்ஞான உலகம் 1974-இல்தான் அறிந்தது. அந்த ஆண்டுகளில் அக்கடலில் பிடிபட்ட ஆமைகள் ஆயிரக்கணக்கில் கல்கத்தாச் சந்தைக்குச் சென்றன; அவற்றோடு பெயரறியாப் பாசிகளும் சென்றன.

ஆமைகளிடமன்றி வேறெங்கும் இதுவரை காணப்பெறாத டயாட்டம் இனங்களும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பங்குனி ஆமையை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. ஒடிசா அரசும் நவம்பர் 1 முதல் மே 31 வரை ஆமைகள் கூடும் கடற்பகுதிகளில் மீன்பிடிப்பைத் தடுக்கிறது. ஆயினும் இழுவலைகளில் சிக்கி மூச்சடைத்து இறந்த ஆமைகள் கரையொதுங்குவது நிற்கவில்லை. வெயிலில் கிடக்கும் அவ்வோட்டின்மேல் பழுப்புப் படலம் உலர்ந்து மடிகிறது. அதில் என்னென்ன இனங்கள் இருந்தன என்று பிரஷ் கொண்டு பார்ப்பார் அங்கே பெரும்பாலும் இல்லை.