இரண்டு கைதிகள், இரண்டு தளபதிகள்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் 'விஜயந்தா' டாங்கி உருண்டு வந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். பொன்னேரி பக்கத்து வாசகர்களுக்கு இராணுவத் தளவாடம் புதிதல்ல. காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான 'விக்ரம்' ரோந்துக் கப்பல் 2018-ல் கடலோரக் காவல்படையில் சேர்ந்தது. 2021-ல் 'விக்ரஹா' வரும்வரை அதே வரிசையில் மொத்தம் ஏழு கப்பல்கள். டாங்கியும் கப்பலும் யார் சொன்னால் நகரும், யார் சொன்னால் நிற்கும் என்பது இந்த வாரக் கதை.

விஜயந்தாக்கள் படையில் சேரத் தொடங்கிய அந்த நாட்களில் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஒரு தமிழர். திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன் வீட்டுப் பிள்ளை. பெயர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். அந்தப் பதவிக்கு வந்த முதல் தமிழர் அவர்தான்.

அவர் பிறந்த வீட்டைப் பார்த்தால், இப்படியொரு குடும்பத்திலிருந்து இராணுவத் தளபதி வர எந்த நாடு அனுமதிக்கும் என்று தோன்றும். அப்பா டாக்டர் பி. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். பிறகு காங்கிரசில் சேர்ந்து ராஜாஜி அமைச்சரவையிலும், அதன்பின் ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறை அமைச்சராகவும் இருந்தவர். அம்மா ராதாபாய், 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இந்தியப் பெண்களில் ஒருவர். தம்பி மோகன் குமாரமங்கலமும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகள். பார்வதி 1957 தேர்தலில் கோயம்புத்தூரில் வென்று மக்களவைக்குப் போனார்.

1940-களின் தொடக்கத்தில் அந்த வீட்டு நிலவரம் இது: பெரியவர் பிரிட்டிஷ் கொடியின் கீழ் பீரங்கிப் படை அதிகாரி. அதே பிரிட்டிஷ் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக, சென்னைச் சதி வழக்கில் தம்பி மோகன் குற்றவாளிக் கூண்டில். நாடு விடுதலை பெற்று, அப்பா உள்துறை அமைச்சராக இருந்த காலத்திலேயே சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்டுகள் மீது கெடுபிடி தொடங்கிவிட்டது. அண்ணனோ அப்போது சுதந்திர இந்தியாவின் இராணுவத்தில்.

ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். தம்பி தங்கையின் அரசியலைச் சொல்லி அண்ணனின் பதவி உயர்வு நிற்கவில்லை. 1966 ஜூனில் ஜெனரல் ஜே.என். சௌத்ரி ஓய்வு பெற்றதும் குமாரமங்கலம் தலைமைத் தளபதி ஆனார். அதே ஆண்டு மோகன் சென்னை மாநிலத்தின் அட்வகேட் ஜெனரல்.

இனி இத்தாலிக்குப் போவோம். இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் விழுந்தது.

1913-ல் பிறந்த குமாரமங்கலம் இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியிலும் ஊல்விச் இராணுவக் கழகத்திலும் படித்து 1933-ல் அதிகாரி ஆனவர். 1942 மே மாதக் கடைசியில், லிபியப் பாலைவனத்தில் பிர் ஹக்கீம் பக்கம் ஜெர்மானியத் தளபதி ரோம்மலின் படை பாய்ந்தபோது இந்தியப் பீரங்கிப் படையினரோடு களத்தில் நின்றார். அந்தப் போருக்காக டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. ஆனால் பாலைவனத்தில் பிடிபட்டு இத்தாலிக்குப் போர்க்கைதியாகவும் போனார். பின்னர் தப்பியோடி, மறுபடி பிடிபட்டு, ஜெர்மானியர் வசமும் இருந்தார்.

இத்தாலி முகாமில் அவரோடு அடைபட்டிருந்த இந்திய அதிகாரிகளில் இருவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் யாஹ்யா கான். இன்னொருவர் சாகிப்ஜாதா யாகூப் கான். கம்பி வேலிக்குள் மூவரும் ஒரே இராணுவத்தின் அதிகாரிகள். 1947-ல் அந்த இராணுவம் இரண்டாகப் பிரிந்தபோது இவர்களும் பிரிந்தார்கள்.

1966-ல் ஒரு விசித்திரம் நடந்தது. ஜூனில் குமாரமங்கலம் இந்தியத் தரைப்படையின் தலைவர். செப்டம்பரில் யாஹ்யா கான் பாகிஸ்தான் தரைப்படையின் தலைவர். ஒரே முகாமில் இருந்த இரண்டு கைதிகள் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தளபதிகள்.

அடுத்த மூன்றாண்டுகள் இரு நாட்டுக்கும் சோதனைக் காலம். பீகாரில் பஞ்சம், ரூபாய் மதிப்புக் குறைப்பு, அனுபவம் குறைந்த பிரதமர் என்று பேர்வாங்கியிருந்த இந்திரா காந்தி. 1967 பொதுத்தேர்தலுக்கு முன்னால், லண்டன் 'டைம்ஸ்' ஏட்டின் நிருபர் நெவில் மாக்ஸ்வெல், இந்தியாவில் இதுவே கடைசிப் பொதுத்தேர்தலாக இருக்கும், ஜனநாயகம் சிதைகிறது, இராணுவம் தலையெடுக்கும் என்ற ரீதியில் எழுதினார். அன்று பக்கத்தில் பார்த்தவர்களுக்கு அது அசட்டுத்தனமாகப் படவில்லை. பாகிஸ்தானில் 1958-லேயே இராணுவத் தளபதி அயூப் கான் ஆட்சியைப் பிடித்திருந்தார். பர்மாவில் 1962-ல் நெ வின்.

தேர்தல் நடந்தது. பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. சென்னையில் தி.மு.க. வென்று, மார்ச் 6 அன்று அண்ணா முதலமைச்சராகப் பதவியேற்றார். சில ஆண்டுகள் முன்புவரை தனிநாடு கேட்ட கட்சி ஒரு மாநிலத்தில் ஆட்சிக்கு வந்தது. டெல்லியில் தலைமைத் தளபதி நாற்காலியில் இருந்ததோ சென்னை மாகாண முன்னாள் முதன்மை அமைச்சரின் மகன். ஒரு டாங்கிகூடத் தெருவுக்கு வரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் சிக்கிம் எல்லையில் நாதுலா கணவாயில் சீனப் படையோடு பீரங்கிச் சண்டை மூண்டபோதுதான் இராணுவம் செய்திகளில் தலைப்பாக வந்தது. எங்கே வர வேண்டுமோ அங்கே.

இதைக் குமாரமங்கலத்தின் நற்குணம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாமா? யாஹ்யாவும் பிரிட்டிஷ் முறைப் பயிற்சியில் வளர்ந்தவர், அதே உலகப்போரில் நின்றவர், அதே முகாமில் அடைபட்டவர். பயிற்சியை வைத்துப் பார்த்தால் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அவர்களுக்குப் பின்னால் இருந்த நாட்டில் இருந்தது.

பிரிட்டிஷ் காலத்தில் வைஸ்ராய்க்கு அடுத்த பெரிய மனிதர் தலைமைப் படைத்தளபதி. டெல்லியில் அவருக்கென்று 1930 வாக்கில் கட்டிய மாளிகை, வைஸ்ராய் மாளிகைக்கு அடுத்த அந்தஸ்தில் இருந்தது. 1948-ல் அதில் குடியேறியவர் பிரதமர் நேரு. அதுதான் தீன் மூர்த்தி பவன். 1949 ஜனவரியில் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா வேறு வீட்டில்தான் இருந்தார். 1955 ஏப்ரல் 1 முதல் 'கமாண்டர்-இன்-சீஃப்' என்ற பட்டமே சட்டப்படி எடுக்கப்பட்டது. தரை, கடல், வான் மூன்றுக்கும் தனித்தனித் தலைவர்கள், மூவருக்கும் மேலே பாதுகாப்பு அமைச்சர், அவருக்கும் மேலே நாடாளுமன்றம். ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோசலிச பாணிச் சமுதாயம் பேசியது அதே ஆண்டு ஜனவரியில். ஊர் முழுக்க அதைப் பேசியது. பட்டம் மாறியதைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை.

சிப்பாய்க்கும் கட்டுப்பாடு உண்டு. இராணுவ வீரர் ஓட்டுப் போடலாம், தபால் ஓட்டு அனுப்பலாம். கட்சிக் கூட்டத்துக்குப் போக முடியாது, கட்சிக்காகப் பேச முடியாது. 1954-ம் ஆண்டின் இராணுவ விதிகள் இதை எழுத்தில் வைத்திருக்கின்றன.

இந்த ஏற்பாடு வலி இல்லாமல் ஓடியது என்று நினைக்க வேண்டாம். 1959 ஆகஸ்ட் கடைசியில், பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போக முடியாமல் தரைப்படைத் தலைவர் ஜெனரல் திம்மையா ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு பேசிச் சமாதானப்படுத்தினார், திம்மையா கடிதத்தைத் திரும்பப் பெற்றார். ஆனால் நாடாளுமன்றத்தில் நேரு, சிவில் அதிகாரமே மேலானது, அதே சமயம் நிபுணர்களின் ஆலோசனைக்கு அது காதுகொடுக்க வேண்டும் என்று சொன்னார். முதல் பாதியை நாடு கடைப்பிடித்தது. இரண்டாம் பாதியை மறந்ததற்கு 1962 சீனப் போரில் இமயமலையில் ஜவான்கள் விலை கொடுத்தார்கள். ஆவடி டாங்கித் திட்டத்துக்கு அடித்தளம் போட்ட அதே கிருஷ்ண மேனன் அந்தத் தோல்விக்குப் பிறகு பதவி விலகினார். கவனியுங்கள்: தோற்றபோது பதவி போனது அமைச்சருக்கும் தளபதி தாப்பருக்கும். நாடாளுமன்றம் அப்படியே இருந்தது.

தளபதிக்கு மேலே அமைச்சர், அமைச்சருக்கு மேலே நாடாளுமன்றம் என்ற அந்த மாடிப்படிகள் பாகிஸ்தானில் கட்டப்படவே இல்லை. 1954-ல் அயூப் கான் சீருடையைக் கழற்றாமலே பாதுகாப்பு அமைச்சரானார். நாடு தழுவிய நேரடிப் பொதுத்தேர்தல் 1970-ல்தான் முதன்முதலாக நடந்தது. 1969-ல் தெருவெங்கும் கலவரம் மூண்டபோது, மார்ச் 25 அன்று அயூப் ஆட்சியை ஒப்படைக்கத் தேடிய கை சபாநாயகரின் கை அல்ல, தளபதி யாஹ்யாவின் கை.

இந்தப் பக்கம் அதற்கு இரண்டரை மாதம் கழித்து, 1969 ஜூன் 7 அன்று குமாரமங்கலம் பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றார். சாம் மானெக்‌ஷா அடுத்த தளபதி. பிரிட்டிஷ் மன்னரின் கமிஷன் பெற்ற தலைமுறையில் கடைசித் தலைமைத் தளபதி குமாரமங்கலம்தான். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது கிடைத்தது. தம்பி மோகன் பின்னர் காங்கிரசுக்கு மாறி மத்திய அமைச்சராகி, 1973-ல் விமான விபத்தில் இறந்தார். அண்ணன் 2000-ம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

அமைப்பு சரியில்லாத இடத்தில் ஒரு மனிதனின் குணத்துக்கு என்ன வேலை? அதற்குத்தான் மூன்றாவது கைதியை நினைவில் வைக்கச் சொன்னேன். 1971 மார்ச் தொடக்கத்தில் யாகூப் கான் கிழக்குப் பாகிஸ்தானில் படைத்தலைவர். அங்கே தேர்தலில் வென்ற கட்சியைத் துப்பாக்கியால் அடக்க வேண்டும் என்ற எண்ணம் மேலிடத்தில் வலுத்தது. இது அரசியல் சிக்கல், இராணுவத்தால் தீராது என்று சொல்லி யாகூப் ராஜினாமா செய்தார். யாஹ்யா அவரைப் பதவி இறக்கினார்.

அவர் இடத்துக்கு டிக்கா கான் அனுப்பப்பட்டார். யாஹ்யா ஆட்சியைப் பிடித்துச் சரியாக இரண்டு ஆண்டுகள் நிறைந்த அந்த மார்ச் 25 இரவில் டாக்காவில் நடந்தது என்ன என்பது அடுத்த வாரம்.