கோபுரத்தைவிட உயரமான கல்

கிராண்ட் கேன்யனுக்கு முதல்தடவை போகிற எல்லாரையும் கண் ஏமாற்றிவிடும். கிட்டத்தட்ட ஒரு மைல் ஆழம் என்று படித்துவிட்டுத்தான் விளிம்பில் நிற்போம். ஆனாலும் கீழே ஓடும் கொலராடோ ஆறு ஏதோ வாய்க்கால் மாதிரிதான் தெரியும்.

1540-இல் ஸ்பானியர்களுக்கும் இதேதான் நடந்தது. தங்க நகரங்களைத் தேடி மெக்சிகோவிலிருந்து வடக்கே வந்த கொரோனாடோ, அங்கே ஒரு பெரிய ஆறு இருப்பதாகக் கேள்விப்பட்டு கார்தெனாஸ் என்கிற தளபதியை அனுப்பினார். ஹோப்பி வழிகாட்டிகளோடு 20 நாள் பயணம். விளிம்பிலிருந்து பார்த்தவர்கள் ஆறு ஆறடி அகலம்தான் என்றார்கள். வழிகாட்டிகளோ அரை லீக், அதாவது ஒரு மைலுக்கும் மேல் என்றார்கள். (ரெண்டுமே தப்பு. சராசரி அகலம் 300 அடி.)

இறங்க வழி தேடியே மூன்று நாள் போனது. கடைசியில் மூன்று பேர் இறங்கிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு ஆழம்தான் போக முடிந்தது. மேலிருந்து ஆள் உயரம் போலத் தெரிந்த பாறைகள், கிட்டே போனால் செவில் நகரத்துப் பெரிய கோபுரத்தைவிட உயரமாக இருந்தனவாம். காஸ்தன்யேதா எழுதிவைத்த கதை இது. அவர் அந்தக் குழுவில் போகவில்லை, கேட்டதைத்தான் சுமார் 20 வருஷம் கழித்து எழுதினார். மேற்கொண்டு போகத் தண்ணீர் இல்லாமல் எல்லாரும் திரும்பிவிட்டார்கள்.

சரி, வழிகாட்டிகளுக்குமா வழி தெரியாது? ஹோப்பிகளின் நம்பிக்கைப்படி மனிதர்கள் இந்த உலகத்துக்குள் வெளிப்பட்ட இடமே அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. உப்பெடுக்க அவர்கள் உள்ளே இறங்கிப் போகும் பாதையும் உண்டு. வேண்டுமென்றேதான் காட்டாமல் விட்டார்கள் என்று வரலாற்றாய்வாளர்கள் சிலர் நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அதே வருஷம் இன்னொரு ஸ்பானியக் குழு ஹோப்பி ஊருக்குள் நுழைந்து அடிதடியில் இறங்கியிருந்தது. அதற்கப்புறம் யார் வழி காட்டுவார்கள்?

பாடப்புத்தகம் இதைக் ‘கண்டுபிடிப்பு’ என்கிறது.

இன்றைக்குப் பயணிகள் இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதை ஹவாசுபாய் மக்களின் பழைய தடம். 1882-இல் அவர்களை 518 ஏக்கருக்குள் அடக்கினார்கள். 1919-இல் தேசியப் பூங்கா வந்தது. பாதையின் நடுவில், ஊற்றுத் தண்ணீரில் பயிர் செய்துகொண்டிருந்தவர்களையும் வெளியேற்றினார்கள். 1975-இல்தான் சுமார் 1,85,000 ஏக்கர் அந்த மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ‘இந்தியன் கார்டன்’ என்றிருந்த அந்த இடத்துக்கு ‘ஹவாசுபாய் கார்டன்ஸ்’ என்று பெயர் மாறியது 2022-இல்.

இறங்குகிறவர்கள் அங்கே நின்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொள்கிறார்கள்.