நித்தியகல்யாணியும் நாயின் புற்றுநோயும்

விருதுநகரை அடுத்த சூலக்கரை போன்ற வறண்ட ஊர்களில், ஆடு மாடு மேயாத செடியொன்று சாலையோரம் பூத்து நிற்கும். அதுதான் நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பூ என்று சிலர் வீட்டில் வைக்கமாட்டார்கள். நாய்களுக்கு வரும் நிணநீர்க்கணுப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்தொன்று இதன் இலையில்தான் இருக்கிறது!

ஜமைக்காவில் இவ்விலையின் கஷாயத்தை நீரிழிவுக்குக் குடிப்பார்கள். 1952இல் சில இலைகள் கனடாவில் ராபர்ட் நோபிளிடம் வந்து சேர்ந்தன. சாற்றை எலிகளுக்கு ஊசியாகச் செலுத்தினார். சர்க்கரை குறையவில்லை, இரத்த வெள்ளையணுக்கள் குறைந்தன. எலிகள் தொற்றுநோயால் மடிந்தன. வெள்ளையணு பெருகும் நோய்களுக்கு இது உதவலாமே என்ற எண்ணம் அப்போது பிறந்தது. நோபிளும் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டினை அறிவித்தனர். அதன் உறவான வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. செல் இரண்டாகப் பிரியும்போது வேண்டிய நுண்குழல்களை அது உருவாகவிடாது.

1970களில் நாய்களுக்கும் கூட்டு மருந்து முறைகள் வந்தன. வின்கிரிஸ்டின் ஒரு தடவைக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவே. நரம்பில் மட்டுமே ஏற்றவேண்டும், வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். இலையை அரைத்துக் கொடுப்பது வைத்தியமாகாது, நஞ்சாகும்.

தாடைக்கடியில் கழலை புடைத்த நாய், சிகிச்சையின்றிப் பெரும்பாலும் ஓரிரு மாதமே தாங்கும். கூட்டு மருந்தால் பல நாய்கள் ஏறக்குறைய ஓராண்டு நலமாக ஓடியாடுகின்றன. முற்றிலும் குணமாவது அரிது.