சோற்றுக்காக வந்த பிள்ளைகள்



போன வாரம் காலை நடை முடித்துவிட்டு, பாலக்கரையில் வழக்கமான டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். எதிரே அரசுப் பள்ளிக்குக் காலை உணவு வந்து இறங்கியது. என்னோடு நடக்க வரும் நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது? சோறு போட்டாத்தான் பிள்ளைங்க படிக்க வருமா? நம்ம காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சு சார். நம்ம காலத்துக்கு முன்னாடியே இருந்துச்சு" என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

1920-ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க அந்த ஆண்டு தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது கணக்கு. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அது போனது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய வெள்ளைக்கார அரசாங்கம் ஒப்பவில்லை. 1925-ல் திட்டம் நின்றது.

அடுத்து காமராசர். மாடு மேய்த்த சிறுவனிடம், "ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?" என்று அவர் கேட்டதும், "போனால் சோறு யார் போடுவா?" என்று அவன் திருப்பிக் கேட்டதும் மேடைதோறும் சொல்லப்பட்ட கதை. 1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. ஊர் மக்களே அரிசியும் பருப்பும் விறகும் கொடுத்தார்கள். 1960-களில் அமெரிக்க 'கேர்' நிறுவனத்தின் பால் பவுடரும் எண்ணெயும் வந்தன. என் வயதுக்காரர்கள் பலருக்கு அந்தப் பாலின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கும்.

எனக்கு அந்த வாசனை தெரியாது. நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழிப் பள்ளியில். 1954-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நிர்வாகம் கைமாறிய பிறகும் அந்தப் படிப்பு தொடர்ந்தது. அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்க வேறு உத்தி. பாடம் சரியாக ஒப்பித்தால் வாத்தியார் ஒரு சின்னச் சீட்டு கொடுப்பார். அதற்கு 'பொம் புவேன்' என்று பெயர். நல்ல புள்ளி என்று அர்த்தம். பத்துச் சீட்டு சேர்த்தால் ஒரு வண்ணப் படம். ஆண்டு முடிவில் பரிசளிப்பு விழா. நான் சீட்டுகளைச் சட்டைப் பையில் வைத்து, நாளைக்கு நாலு தரம் எண்ணிப் பார்ப்பேன்.

என் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். கடலோரத்துப் பிள்ளை. அவன் ஒரு சீட்டுகூட வாங்கியதில்லை. பத்து மணிக்கே தலை தொங்கிவிடும். மந்தம் என்று வாத்தியார் நினைத்தார். நானும் நினைத்தேன். ஒருநாள் என் சீட்டுகளைப் பார்த்து அவன் கேட்டான்: "இதைக் கொடுத்தா இட்லி தருவாங்களாடா?" நான் சிரித்துவிட்டேன். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை.

அவன் கேட்டதன் அர்த்தம் எனக்கு 1982-ல்தான் உறைத்தது. அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய இடம் நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சி. இங்கிருந்து தஞ்சாவூர் சாலையில் போனால் காட்டூர் பக்கம். முதலில் கிராமங்களில் ஆரம்பித்து, பிறகு நகரங்களுக்கும் வந்தது. 1984-ல் பதினைந்து வயதுவரை நீண்டது. அப்போது நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. "பிச்சைக்காரப் பழக்கம் பண்றாங்க" என்று அலுவலகத்தில் பேசியவர்களோடு நானும் சேர்ந்து பேசினேன்.

ஒரு வேலையாகக் கிராமப் பள்ளி ஒன்றுக்குப் போனபோது தலைமையாசிரியரிடம், "சோத்துக்குத்தானே சார் வராங்க?" என்று கேட்டேன். அவர் வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "ஆமா சார், சோத்துக்குத்தான் வராங்க. முதல் வாரம் சாப்பிட்டதும் ஓடிப் போனாங்க. இப்ப மத்தியானமும் பாருங்க. வர வைக்கிறது சோறு, உக்கார வைக்கிறது என் வேலை" என்றார். பகலுக்குப் பிறகும் வருகைக் குறிகள் வரிசையாக இருந்தன. கடலோரத்துப் பையன் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது யாரோடும் பேசவில்லை.

பிள்ளைகளைப் படிக்கத் தூண்டுவது எது என்று இன்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். பரிசும் பாராட்டும் நல்லதுதான். ஆனால் அவை வயிறு நிறைந்த பிள்ளைக்குத்தான் கண்ணில் படும். பசித்த பிள்ளைக்கு முதல் பரிசு சோறு. அதற்கடுத்த பரிசு, பெயர் சொல்லிக் கூப்பிடும் வாத்தியார். 2001-ல் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, மறு ஆண்டே மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு நண்பர், "அந்தப் பையன் என்ன ஆனான் சார்?" என்றார். தெரியாது என்றேன். அவனைத் தேடிப் போகவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.